எல்.சி. வாங்கியாச்சா?

ஆடித் தள்ளுபடி விளம்பரத்தைக் காட்டி, "தாத்தா, கிளியரன்ஸ்னா என்ன?" என்று கேட்டான் பேரன். கடையில் தேங்கின துணியை விலை குறைத்துத் தள்ளுவதுடா என்றேன். ஆனால் மின்வாரியத்தில் 31 வருஷம் வேலை பார்த்த எனக்கு அந்த வார்த்தை வந்தாலே கம்பம்தான் ஞாபகம் வரும்.

நாங்கள் எல்.சி. என்போம், லைன் கிளியர்: லைனில் கரண்டை நிறுத்தியாச்சு, வேலை பார்க்கலாம் என்ற அனுமதி. கம்பத்தில் கால் வைக்கும் முன் சப்ஸ்டேஷனில் கேட்டு வாங்க வேண்டும். ஆபரேட்டர் பிரேக்கரை ஆஃப் செய்து, ரிஜிஸ்டரில் நேரம் எழுதி, நம்பர் கொடுப்பார். அதோடு ஏறிவிடக் கூடாது. லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்து பூட்டி, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடும் மாட்ட வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் சேஞ்ச்ஓவர் (வீட்டை வெளி லைனிலிருந்து பிரிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஜெனரேட்டர் ஓட்டினால், அந்தக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி, செத்த லைனில் 11 கே.வி.யாக, அதாவது 11,000 வோல்ட்டாக வந்து நிற்கும். புதுப் பையன்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

எல்.சி. வாங்கியவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்; அதன் பிறகுதான் கரண்ட் விடுவார்கள். ஒரு கார்த்திகை மழையில் என் பேரில் எல்.சி., மூன்று பேர் மூன்று இடத்தில். ஊரே இருட்டு, போன் ஓயவில்லை. இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் இறங்கியிருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் திருப்பவில்லை. 40 நிமிஷம் கழித்து நனைந்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். டயர் பஞ்சர். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் சப்ஸ்டேஷனைக் கூப்பிட்டேன்.

பேரன் கேட்ட கிளியரன்ஸ் என்ற வார்த்தைக்கு எங்களிடம் இன்னொரு பொருளும் உண்டு: கம்பிக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. வீட்டு லைனோ 11 கே.வி.யோ, பக்கவாட்டில் 1.2 மீட்டர். தலைக்கு மேலே என்றால் வீட்டு லைனுக்கு 2.5, 11 கே.வி.க்கு 3.7. மாடி எடுக்கும்போது இதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்குத் தீராத வருத்தம்.

போன வாரம் எங்கள் தெருவிலேயே ஒருவர் மாடி போர்டிகோவை ரோட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். மேலே 11 கே.வி. போகிறது. கம்பிக்கு நேர் கீழே தரையில் கோடு போட்டு, சென்டரிங் பலகையின் ஓரம் விழும் இடம்வரை டேப்பால் அளந்து காட்டினேன். 70 சென்டிமீட்டர். "இவ்வளவு நாள் ஒண்ணும் ஆகலையே சார்" என்றார். 20 அடி முறுக்குக் கம்பியை ஒரு ஆள் தோளில் வைத்துத் திரும்பினால் அதன் நுனி எங்கே போகும் என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார், பேசவில்லை.

லைனை மாற்றிப் போடச் செக்‌ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டதாக இன்று காலை சொன்னார். செலவு அவருடையதுதான். அதுவரை அந்தப் பக்கம் ஒரு கம்பிகூட ஏற்ற வேண்டாம் என்று மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.