எதை நிறுத்தணும் டீச்சர்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கத்தில் ஒரு தெரபி சென்டரில் சிறப்பாசிரியராக வேலை பார்க்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், ஏடிஎச்டி (கவனம் நிற்காமை, அளவு மீறிய துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகள், இரண்டும் சேர்ந்தே இருக்கிற பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள், குலசேகரம் ரப்பர் தோட்டப் பக்கம் இருந்து, குளச்சல், முட்டம் கடற்கரை ஊர்களில் இருந்து, மார்த்தாண்டம் டவுனில் இருந்து. ஊரும் வசதியும் எவ்வளவு வேறாக இருந்தாலும், சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் பெற்றோர் கேட்கிற கேள்வி மட்டும் ஒன்றுதான். "எதை நிறுத்தணும் டீச்சர்?" பாலா, கோதுமையா, சீனியா? யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் போனில் திறந்து வைத்துக்கொண்டே கேட்பார்கள். பிள்ளை இப்போது என்னதான் தின்கிறது, அதில் என்ன குறைகிறது, எதைச் சேர்க்கலாம் என்று யாராவது கேட்பது அபூர்வம். பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாய் கொடுத்த சாப்பாட்டால் யாருக்கும் ஆட்டிசமோ ஏடிஎச்டியோ வந்துவிடவில்லை, சாப்பாட்டை மாற்றி அதைப் போக்கிவிடவும் முடியாது. இரண்டும் மூளை வளர்கிற விதத்திலேயே இருக்கும் வேறுபாடுகள், பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த மூளைக்கும் சாப்பாடு வேண்டுமே. பெரியவர்களின் மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான் இருக்கும், சும்மா இருக்கும்போதே உடல் செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ ஒரு நாள் முழுக்கச் செலவாகும் சக்தியில் 40 சதவீதத்துக்கு மேல் மூளைக்கே போகிறது. காலையில் ஒரு கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத டீ) இரண்டு பிஸ்கட்டும் மட்டும் உள்ளே போன பிள்ளையைப் பத்தரை மணிக்கு உட்கார வைத்து மணி கோர்க்கச் சொன்னால், அவன் எழுந்து ஓடுவதில் ஏடிஎச்டி எவ்வளவு, பசி எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பப் பேசுவது இரும்புச்சத்தைப் பற்றி. மூளையில் டோபமின் என்ற ரசாயனம் உருவாக ஒரு நொதி வேலை செய்ய வேண்டும், இரும்பு இல்லாமல் அந்த நொதியால் வேலை செய்ய முடியாது. கவனத்துக்கும் ஊக்கத்துக்கும் உடம்பை அடக்கி வைத்திருப்பதற்கும் டோபமின் வேண்டும், ஏடிஎச்டிக்குக் கொடுக்கிற மெத்தில்பெனிடேட் மாத்திரை வேலை செய்வதும் பெரிதும் அதன் வழியாகத்தான். 2004-ல் பாரிஸில் ஏடிஎச்டி உள்ள 53 பிள்ளைகளின் ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவு பார்த்தார்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பு சேர்த்து வைத்திருக்கிற இரும்பின் அளவைக் காட்டுவது. 84 சதவீதம் பேருக்கு அது மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தது, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற பிள்ளைகளில் 18 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. சின்ன ஆய்வுதான், பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவும் இல்லை. ஆனாலும் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற, சரிசெய்யக்கூடிய ஒரு குறையை ஏன் பார்க்காமல் விட வேண்டும்?

எங்களிடம் வந்த இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா, "ராத்திரி முழுக்க காலை உதறிக்கிட்டே கெடப்பான் டீச்சர், பாயே ஒரு எடத்துல இருக்காது" என்றார். பகலில் அவன் இருந்த நிலைக்கு அந்தத் தூக்கமே பாதிக் காரணமாக இருக்கலாம் என்று தோன்றியது, குழந்தைகள் டாக்டரிடம் இதை அப்படியே சொல்லச் சொன்னேன். ஹீமோகுளோபின் பெரிய மோசமில்லை, ஃபெரிட்டின் ரொம்பக் குறைவு. இப்படி ஆவது உண்டு, ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் விஷயம் நழுவிவிடும். ராத்திரியில் கால் உதறுவதற்கும் ஃபெரிட்டின் குறைவுக்கும் தொடர்பு இருப்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சிரப் எழுதிக் கொடுத்தார், சாப்பாட்டோடு சாயா குடிப்பதை நிறுத்தச் சொன்னார், சாயாவில் இருக்கும் டேனின் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. முருங்கைக்கீரை துவரனோடு (பொரியல்) ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக் கொடுத்தால் இரும்பு கூடுதலாகச் சேரும், அதில் இருக்கிற வைட்டமின் சி-யால். சில மாதங்களில் பையன் தூங்க ஆரம்பித்தான். ஏடிஎச்டி போகவில்லை, இன்றைக்கும் வகுப்பில் எழுந்து எழுந்து நடப்பான், ஆனால் காலையிலேயே எரிச்சலோடு வருகிற பையனாக இல்லை, சொன்னால் திரும்பி வந்து உட்காருகிறான். அந்த வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடையில் போய் இரும்பு சிரப் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அளவு மீறினால் சின்னப் பிள்ளைகளுக்கு அது விஷம், உயிருக்கே ஆபத்து. பரிசோதனை பார்த்து டாக்டர் எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள், பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அப்புறம் சாக்பீஸ், மண், சுவர்ச் சுண்ணாம்பு தின்கிற பிள்ளைகள். கெட்ட பழக்கம் என்று அடிப்பதற்கு முன்னால் இரும்புச்சத்தையும் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

சீனி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சீனி தின்றால் பிள்ளை துள்ளும் என்பது எல்லோரும் நம்புவது, ஆனால் 1995-ல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அப்படி ஒரு விளைவு தெரியவில்லை. பல்லுக்காகவும் எடைக்காகவும் குறைப்பது நல்லதுதான். செயற்கைச் சாயங்கள் வேறு கதை. 2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் நடந்த ஆய்வில் சில சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் சாதாரணப் பிள்ளைகளிடமே துறுதுறுப்பைக் கொஞ்சம் கூட்டியது, அதற்குப் பிறகு 2010 முதல் அந்த ஆறு சாயங்கள் சேர்த்த உணவுகளில் ஐரோப்பாவில் எச்சரிக்கை வாசகம் போடுகிறார்கள். அதனால் கலர் மிட்டாயையும் ஆரஞ்சு கலர் பாக்கெட்டையும் நிறுத்துங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன், அதனால் எந்தப் பிள்ளைக்கும் எந்தச் சத்தும் குறையப் போவதில்லை.

பாலும் கோதுமையும் அப்படி இல்லை. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் தின்பதே நான்கைந்து பொருள்தான். ஒரு பிள்ளைக்கு மட்டிப்பழம், பப்படம், வெள்ளைப் புட்டு, பால், ஒரே கம்பெனி பிஸ்கட், அவ்வளவுதான். பப்படம் நமுத்துவிட்டால் அதுவும் போச்சு. (மட்டி நம் மாவட்டத்துப் பழம், கைக்குழந்தைக்கு முதலில் கொடுக்கிற பழம், 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எதுவும் தின்னாத பிள்ளைகள்கூட இதைத் தின்பதை நிறைய பார்த்திருக்கிறேன்.) இது அடம் இல்லை. மீன் குழம்பின் மணம், சோறும் கறியும் கலந்த ஈரம், வாயில் திடீரென்று வருகிற ஒரு தேங்காய்த் துருவல், இதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு நமக்கு இருப்பதைவிடப் பல மடங்கு பலமாக இருக்கிறது. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மற்ற பிள்ளைகளைவிடச் சாப்பாட்டுப் பிரச்சினை ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் என்றும், புரதமும் கால்சியமும் குறைவாகக் கிடைக்கிறது என்றும் 2013-ல் எழுதினார்கள். இப்படிப்பட்ட பிள்ளையிடம் இருந்து பாலையும் பிஸ்கட்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

கோதுமையையும் பாலையும் விலக்கினால் ஆட்டிசம் குறையுமா என்று பார்த்த சோதனைகளில் கவனமாகச் செய்த ஒன்று 2016-ல் வெளிவந்தது. 14 பிள்ளைகளை அந்த உணவில் வைத்து, பிறகு யாருக்கும் தெரியாதபடி கோதுமையும் பாலும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள், நடத்தையிலோ தூக்கத்திலோ வயிற்றிலோ வித்தியாசம் தெரியவில்லை. பால் ஒத்துக்கொள்ளாமை, சீலியாக் நோய் (கோதுமையில் இருக்கும் குளூட்டன் குடலைப் பாதிப்பது) என்று டாக்டர் உறுதி செய்தால் நிறுத்தியே ஆக வேண்டும், அது தனி. மற்றபடி நம் ஊரில் புட்டு, ஆப்பம், சோறு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) என்று கோதுமை ஏற்கெனவே குறைவுதான். இங்கே கோதுமையை நிறுத்தினோம் என்றால் பெரும்பாலும் நின்றது பிஸ்கட்டும் ரஸ்க்கும் பரோட்டாவும். அதன் இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பாடு வந்ததால் பிள்ளை தெளிந்திருந்தால், அந்தப் பெருமை அந்தச் சாப்பாட்டுக்குத்தான் சேர வேண்டும்.

சேர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். பப்படம் தின்கிற பிள்ளைக்கு அதே மொறுமொறுப்பில் வேறொன்று, முதலில் தட்டின் ஓரத்தில் வெறுமனே இருக்கட்டும், தொட வேண்டாம், பிறகு தொடட்டும், மணக்கட்டும், நக்கட்டும். ஒரு பெண் பிள்ளை இப்படித்தான் பப்படத்தில் இருந்து மொறுமொறுவென்று பொரித்த நெத்திலிக்கு வந்தாள். முள்ளோடு தின்கிற மீன், கால்சியமும் கிடைக்கும், புரதமும் கிடைக்கும். பல மாதம் ஆனது. இடையில் பாட்டி பொறுக்க முடியாமல், "ஒரு வாய் தின்னு மக்களே" என்று வாயைப் பிடித்துத் திணித்துவிட்டார், அதற்குப் பிறகு சில வாரம் அவள் தட்டின் பக்கமே வரவில்லை. பாட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை, பேத்தி மெலிந்து போவதைப் பார்க்கிற கஷ்டம் அவருக்கு. ஆனால் திணித்தால் இருக்கிற நான்கைந்தும் குறையும், இதை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீன் எண்ணெய் மாத்திரை பற்றிக் கேட்காத பெற்றோரே இல்லை. ஒமேகா 3 மூளைக்கு வேண்டிய கொழுப்பு, அதில் சந்தேகம் இல்லை. ஏடிஎச்டியில் 10 ஆய்வுகள், 699 பிள்ளைகள் என்று 2011-ல் தொகுத்துப் பார்த்தபோது பலன் இருந்தது, ஆனால் சின்னப் பலன், மெத்தில்பெனிடேட் தருகிற பலனுக்குப் பக்கத்தில்கூட வராது. கடன் வாங்கி டப்பா டப்பாவாக வாங்குகிற அப்பாவைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை, குளச்சலில் இருந்து வருகிறவர், வீட்டு வாசலிலேயே சாளை (மத்தி மீன்) விற்கிறார்கள். பிள்ளை மீன் தின்றால் வாரம் இரண்டு தடவை சாளையோ அயிலையோ (கானாங்கெளுத்தி) போதும். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது பல வீடுகளில் மரச்சீனியும் மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்) மட்டும் என்று ஆகிவிடுகிறது, கிழங்கில் புரதம் கிடையாது என்றே சொல்லலாம், அந்த நாட்களில் முட்டை, சிறுபயறு, கடலை எதையாவது விடாமல் கொடுங்கள்.

மெத்தில்பெனிடேட் சாப்பிடுகிற பிள்ளைகள் பலருக்கு மதியம் பசிக்காது, டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், டாக்டரிடம் கேட்காமலே. மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறையக் காலைச் சாப்பாடு, சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கிப் பசி வரும்போது இன்னொரு நல்ல சாப்பாடு என்று நேரத்தை மாற்றினாலே பல பிள்ளைகளுக்கு எடை குறைவது நிற்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் காலை உணவு கொடுக்கிறார்கள், அதைச் சாப்பிட்ட பிறகு மாத்திரை என்றால் யார் கொடுப்பது என்று வகுப்பு ஆசிரியரிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று மலச்சிக்கல். பேச்சு வராத பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எப்படிச் சொல்லும்? தலையில் அடித்துக்கொள்ளும், கடிக்கும், தரையில் கவிழ்ந்து படுத்து வயிற்றை அழுத்தும். நடத்தையில் திடீரென்று மாற்றம் என்றால் எங்கள் சென்டரில் முதல் கேள்வி, கடைசியாக வெளிக்குப் போனது எப்போது என்பதுதான். தண்ணீர், பழம், கீரை, தேவைப்பட்டால் டாக்டர் தருகிற மருந்து. வயிறு சரியான பிறகு, நாங்கள் போட்ட நடத்தைத் திட்டமே தேவைப்படாமல் போன பிள்ளைகளும் உண்டு.

இவ்வளவையும் ஒரு அம்மாவின் தலையில் கட்டக் கூடாது. வளர்ப்பு சரியில்லை, சாப்பாடு ஊட்டத் தெரியவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசுகிற பேச்சை அவர்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டுவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நாங்கள் கொடுக்கிற தாளில் அறிவுரை எதுவும் கிடையாது. மூன்று நாள் பிள்ளை வாயில் போட்டது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதச் சொல்கிறோம், சாயா, பிஸ்கட், மண் உட்பட. தூங்கிய நேரம், வெளிக்குப் போனது, மாத்திரை கொடுத்த நேரம், இவையும் பக்கத்திலேயே. எழுதத் தெரியாதவர்கள் போனில் பேசி அனுப்பலாம், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அந்தத் தாளோடு டாக்டரிடம் போனால் ஃபெரிட்டின், வைட்டமின் டி, பி12 இவற்றில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார். எதையாவது நிறுத்துவது என்றால் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.