முதலில் கோயில், அப்புறம் கோட்டை: பத்து காஜாவில் ஒரு நாள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் பத்து காஜாவில் என் அத்தை வீடு. தீபாவளி தவறாமல் போகிறேன். ஆனால் கோப்பேங் சாலையோரம், ஆற்றுக்கு அந்தப்பக்க மேட்டில் நிற்கும் கெல்லி கோட்டைக்குள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை. இந்தப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு கிளம்பினேன். பசியாறி முடித்த கையோடு அத்தையும் காடியில் ஏறிக்கொண்டார். இருபது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “மொதல்ல மாரியம்மன் கோயிலுக்கு விடு, கோட்டையெல்லாம் அப்புறம்” என்றார்.

கோட்டையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிறது ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் அத்தை மேலே கை காட்டினார். சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர். வில்லியம் கெல்லி ஸ்மித். ஸ்காட்லாந்திலிருந்து 1890இல், 20 வயதில் மலாயாவுக்கு வந்தவர். சாலைக் குத்தகைகளில் சம்பாதித்து, காட்டை அழித்து, கிந்தா கெல்லாஸ் என்ற ரப்பர் தோட்டத்தைப் போட்டார். மகன் பிறந்த 1915இல், இன்று கெல்லி கோட்டை என்று சொல்லும் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அதற்காக மதராசிலிருந்து 70 கைவினைஞர்கள் வந்தார்கள். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்தே வந்தன. இடையில் ஸ்பானியக் காய்ச்சல் பரவி, வேலையாட்கள் பலர் மாண்டார்கள். அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று மிச்சமிருந்தவர்கள் கேட்க, துரை கட்டிக் கொடுத்தார். அந்த நன்றிக்குத்தான் சிலை.

அந்தச் சிலையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். துரைக்குக் கோயிலிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். அந்த 70 பேரில் ஒருவருடைய பெயரைக்கூட அன்று நான் எங்கும் பார்க்கவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால் கோட்டைக்குள் போனபோது என் கண் சுவர்களிலேயே இருந்தது. ஆறு மாடிக் கோபுரம், மலாயாவிலேயே முதலாவதாக வந்திருக்க வேண்டிய மின்தூக்கிக்கு விட்ட குழி, ஒயின் வைக்கும் நிலவறை எல்லாம் உண்டு. பிள்ளைகள் ரகசியப் பாதையையும் பேயையும் தேடி ஓடினார்கள். நீங்கள் போனால் அந்த வளைவுகளைப் பாருங்கள். வரிசை வரிசையாக, ஒன்றுகூடக் கோணவில்லை. பூச்சு உதிர்ந்த இடங்களில் செங்கல்லைத் தொட்டுப் பார்க்கலாம். அத்தை மாடி ஏறவில்லை. கீழே ஒரு சன்னலோரம் உட்கார்ந்து சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

வீடு முடியவே இல்லை. 1926இல் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு ஸ்மித் இறந்தார். மனைவி ஆக்னஸ் தோட்டத்தை விற்றுவிட்டு ஸ்காட்லாந்துக்கே திரும்பிவிட்டார்.

தஞ்சோங் துவாலாங் பக்கம் ஓர் ஈயக் கப்பலும் இருக்கிறது. தண்ணீரில் மிதந்தபடி ஈய மண்ணைத் தோண்டி எடுத்த பெரிய இயந்திரம் அது. 1938இல் கட்டி 1982 வரை ஓடியது. ஏறக்குறைய 4,500 டன் இரும்பு. சிறுவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்கென்று தனியாக அரை நாள் ஒதுக்குங்கள். நாங்கள் சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

கடைசியாக ஊருக்குள் இருக்கும் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். காட்ஸ் லிட்டில் ஏக்கர் என்று பெயர். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று தோட்டத் துரைமார் இங்கேதான் கிடக்கிறார்கள். அந்தக் கொலைகளுக்குப் பிறகுதான், கம்யூனிஸ்டுப் போராளிகளை ஒடுக்க நாட்டில் அவசரகாலம் பிரகடனமானது. அதில் மாண்ட போலீஸ்காரர்கள், சிப்பாய்கள் கல்லறைகளும் உண்டு. அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஒவ்வொரு கல்லாக என்னைப் படிக்கச் சொன்னார். பெயர், வயது, தேதி. ஒரு வரிசை முழுக்கப் படித்தேன். முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“நல்லா வச்சிருக்காங்கடா” என்றார். காடிப் பக்கம் நடக்கும்போது, “எங்கப்பாவப் பொதச்ச எடத்துல இப்போ செம்பன நிக்குது. எந்த மரம்னுகூட எனக்குத் தெரியாது” என்றார்.