இயேசு கடவுளா என்று கேட்டு வருகிறவர்களோடு வாசித்ததில் கண்டது

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டவர்கள், பூண்டி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் எங்கள் பக்கம் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஒரு கட்டத்தில், "இயேசுவைக் கடவுள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நான் அதை ஏற்பதா வேண்டாமா?" என்று கேட்டு வருவார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் அப்படி வருகிறவர்களோடு உட்கார்ந்து வாசிப்பவர்கள் நாங்கள். எதில் தொடங்கினால் நகர்கிறது, எங்கே முட்டி நிற்கிறது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதல் வேலை, நேர்த்திக்கடனைத் தனியே எடுத்து வைப்பது. பிள்ளை பிறந்தது, கடன் அடைந்தது, காய்ச்சல் இறங்கியது எல்லாம் நன்றி சொல்வதற்கான காரணங்கள். 'இவர் யார்' என்ற கேள்விக்கு அவை பதில் சொல்லாது. அதே ஆள் நாகூர் தர்காவிலும் வேண்டியிருப்பார், அங்கேயும் பலித்திருக்கும். பலித்ததை வைத்து முடிவெடுத்தவர் அடுத்த வேண்டுதல் பலிக்காதபோது முடிவையும் சேர்த்துக் கைவிட்டுவிடுகிறார். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் நாட்களில் நாங்கள் யாரையும் புதிதாக உட்கார வைப்பதில்லை. சம்பா அறுவடை முடிந்து கை ஓய்ந்த மாசி மாதம் தோது. தவக்காலமும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் தொடங்கும்.

வாசிக்க மாற்கு நற்செய்தியை எடுங்கள். 16 அதிகாரம்தான், சத்தமாக வாசித்தால் சுமார் இரண்டு மணி நேரம். ஒரே அமர்வில் முடிப்பது நல்லது. பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பான 'பழைய திருப்புதலின்' வடமொழி நடை தடுக்கினால் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளலாம். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. இடது பக்கத்தில் 'இங்கே இவர் என்ன சொல்கிறார், செய்கிறார்' என்று மட்டும். வலது பக்கத்தில் 'எனக்கு என்ன படுகிறது'. இரண்டும் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. யோவான் நற்செய்தியில் தொடங்கச் சொல்கிற உபதேசியார்கள் உண்டு. 'அந்த வார்த்தை கடவுளாயிருந்தது' என்று அதன் முதல் வசனமே முடிவைக் கையில் கொடுத்துவிடுகிறது. யோசிக்க வந்தவருக்கு அது உதவாது.

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். கப்பர்நகூமில் ஒரு வீடு, வாசலில் நிற்க இடமில்லை. நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரரைத் தூக்கி வந்து, கூரையைப் பிரித்து, படுக்கையோடு இறக்குகிறார்கள். எல்லோரும் குணமாவதை எதிர்பார்க்க, இயேசு 'உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன' என்கிறார். அங்கே இருந்த வேதபாரகர்கள், அதாவது யூதச் சட்டம் கற்றவர்கள், கடவுள் ஒருவரைத் தவிர யார் பாவத்தை மன்னிக்க முடியும் என்று மனதுக்குள் முணுமுணுக்கிறார்கள். எங்களைக் கேட்டால், அந்த அறையில் விஷயம் புரிந்தவர்கள் அவர்கள்தான். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைச் சங்கமோ அரசோ தள்ளுபடி செய்யலாம். எதிர்க்கடை டீக்காரர் 'உன் கடன் தள்ளுபடி' என்றால் சிரிப்போம். அந்த மனிதர் இயேசுவுக்கு எந்தத் தீங்கும் செய்ததாகக் கதையில் இல்லை. அப்படியிருக்க மன்னிக்கிறவர் யாருடைய இடத்தில் நின்று பேசுகிறார்? நோயைக் குணமாக்கியதை மட்டும் நோட்டில் எழுதிவிட்டு இதை விட்டுவிடுபவர்களே அதிகம்.

அடுத்து 14ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியரின் விசாரணை. பிறகுதான் யோவான்: 8:58, 10:30-33, 20:28. இதில் 10:33 முக்கியம். 'நீ மனிதனாயிருந்தும் உன்னைக் கடவுளாக்குகிறாய்' என்று கல்லெடுத்தவர்களே காரணம் சொல்கிறார்கள்.

சாதகமான வசனங்களோடு நின்றுவிட்டால் அது வாசிப்பு ஆகாது, பிரச்சாரமாகிவிடும். மாற்கு 10:18இல் 'என்னை நல்லவன் என்பானேன்' என்கிறார். 13:32இல் அந்த நாள் குமாரனுக்கும் தெரியாது என்கிறார். யோவான் 14:28இல் பிதா என்னிலும் பெரியவர் என்கிறார். சிலுவையில் 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற கதறல். இவற்றையும் இடது பக்கத்தில் எழுதியாக வேண்டும். இந்த இழுபறி திருச்சபைக்குத் தெரியாததில்லை. குமாரன் படைக்கப்பட்டவரே என்ற ஆரியூசின் போதனையை ஒட்டி எழுந்த சண்டைதான் 325இல் நிக்கேயாவில் ஆயர்களின் சங்கம் கூடவே காரணம். முழுக் கடவுள், முழு மனிதர், ஒருவரே என்று 451இல் கால்சிதோனில் வரையறுத்தார்கள். அறியாமையும் கதறலும் மனிதப் பக்கம் என்பது அவர்கள் விளக்கம். அது போதுமா என்று வலது பக்கத்தில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

'பொய்யர், புத்தி பேதலித்தவர், அல்லது கடவுள். மூன்றில் ஒன்றைச் சொல்' என்று மடக்குகிற வாதத்தை நாங்கள் பயன்படுத்துவதில்லை. சீடர்கள் பிறகு ஏற்றிச் சொன்னார்களா என்ற நான்காவது வழி அதில் விடுபடுகிறது. அதைச் சந்திக்கக் காலவரிசை வேண்டும். இயேசு இறந்தது 30 அல்லது 33 என்பார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் 50களின் நடுப்பகுதி. அதன் 15ஆம் அதிகாரத்தில் தான் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி உயிர்த்தெழுதலைக் கண்டவர்களை வரிசைப்படுத்துகிறார். பிலிப்பியர் 2:6-11 பவுலுக்கு முன்பே பாடப்பட்ட பாட்டு என்று கருதும் அறிஞர்கள் பலர். சுமார் 112இல் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பேரரசருக்கு எழுதுகிறார். நூற்றாண்டுகள் கழித்து முளைத்த நம்பிக்கை என்று சொல்ல முடியாது. சீக்கிரமே நம்பினார்கள் என்பதால் அது உண்மை என்றும் ஆகிவிடாது.

பின்னணியைப் பொறுத்துத் தடை மாறும். வைணவக் குடும்பத்தவர் இன்னொரு அவதாரம் என்று சுலபமாக ஏற்று, அதே சுலபத்தில் கடந்துபோவார். கிறிஸ்தவம் சொல்வது ஒரே ஒரு முறை, பொந்தியு பிலாத்து ஆளுநராக இருந்த காலத்தில், திரும்பக் கழற்றி வைக்காத மனித உடல் என்பதை. சைவருக்கு ஆரம்பமே கடினம். புகார் நகரத்துச் சிவன் கோயிலைச் சொல்லும் சிலப்பதிகாரம் சிவனைப் 'பிறவா யாக்கைப் பெரியோன்', அதாவது பிறக்காத உடலுடையவர் என்கிறது; கருவில் பிறந்தவரை இறைவன் என்பது சைவருக்கு உறுத்தும். அந்த உறுத்தல் சரியான இடத்தில்தான் இருக்கிறது, அவசரப்பட்டு ஆற்ற வேண்டாம். முஸ்லிம் நண்பர் கன்னி மரியாளின் மகன், மசீகு (மெசியா) என்பதை ஏற்கெனவே நம்புகிறார். கடவுள் என்பதையும் சிலுவையில் இறந்தார் என்பதையும் குர்ஆன் மறுக்கிறது. அவரோடு உபாகமம் 6:4இல், இறைவன் ஒருவரே என்பதில் தொடங்குவோம்.

இந்த வாதம் இங்கே புதிதுமில்லை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஊராரிடம் கேள்விகள் அனுப்பி, 1712 முதல் 1714 வரை வந்த 99 தமிழ்க் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் அச்சாயின. கிறிஸ்தவர்கள் மாடு தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தமில்லை என்று அவற்றில் நேராகவே எழுதியிருக்கிறார்கள். இன்றும் வலது பக்கத்தில் முதலில் விழுவது கிறிஸ்தவர்களைப் பற்றிய குறைதான், அதில் சாதிக் கல்லறையும் சேர்ந்துவிட்டது. குறை நியாயமானது. அதற்குத் தனித் தாள் வையுங்கள்.

கடைசியில் ஒரு பக்கம் சொந்த வார்த்தையில் பதில் எழுதச் சொல்வோம். 'நல்ல போதகர், அதற்கு மேல் எனக்கு ஒப்பவில்லை' என்று எழுதியவரை விரட்டிப் பிடிப்பதில்லை. 'நம்புகிறேன்' என்று எழுதினால் யாரை, எதை என்று கேட்போம். குடும்பத்துக்காக, கல்யாணத்துக்காக எழுதியது அந்த இடத்தில் தெரிந்துவிடும்.

ஞானஸ்நானம் அதற்குப் பிறகு. கத்தோலிக்க முறையில் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று தேர்ந்துகொள்ளும் சடங்கு, 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் ஆய்வுச் சடங்குகள், பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம். இதற்கான தயாரிப்பு மாதக்கணக்கில் நடக்கும்; அதே ஆண்டே வேண்டும் என்று குருவானவரை நெருக்காதீர்கள். பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் தேதி குறிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குடியரசுத் தலைவரின் 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின்படி அந்தத் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவீர்கள். இது அநியாயம் என்பது எங்கள் கருத்து. ஆனாலும் திருமுழுக்குப் பெற்ற பிறகு பழைய சான்றிதழைக் காட்டினால் அது ரத்தாகும், அதை வைத்து வாங்கிய வேலைக்கும் ஆபத்து வரும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.