உள்ளங்கால் பார்க்கும் கை

தாராவி தொண்ணூறு அடிச் சாலைத் திருப்பத்தில் அண்ணன் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையில், பெரியம்மாவின் படத்துக்குக் கீழே 'புன்னகை மாறா முகம், கனிவு குறையா மொழி' என்று அச்சாகியிருந்தது. அச்சகத்தில் தயாராக வைத்திருக்கும் வாசகங்களில் அதுவும் ஒன்று. யார் இறந்தாலும் பொருந்துவதால் யாரும் அதை நின்று படிப்பதில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த மருத்துவமனைத் தோழிகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். நான் இந்தியில் சொன்னதும், துக்க வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டார்கள். சயான் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் அவருடன் வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட, பெரியம்மா கனிவாகப் பேசி ஒருமுறையேனும் கேட்டதில்லையாம். ஆனாலும் அவர்கள் கல்யாணிலிருந்தும் பன்வேலிலிருந்தும் ரயில் மாறி வந்திருந்தார்கள். பந்தி முடிந்த பிறகும் நெடுநேரம் எழுந்து போகவில்லை. அன்று கேட்டதையும் வீட்டில் எங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதிவைக்க விரும்புகிறேன்.

தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவியின் தோல் பதனிடும் கூடத்துக்கு வேலைக்கு வந்தவர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த மூத்த மகள் நர்சிங் படிக்கப் போகிறேன் என்றபோது, வீட்டில் பல நாள் அடுப்பெரிந்ததே தவிர யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார். இரவு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்பது வெளியில் சொன்ன காரணம். சொல்லாத காரணம் வேறு. 1973-ஆம் ஆண்டின் இறுதியில் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற இளம் செவிலியர், அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் தாக்கப்பட்டு நினைவிழந்து படுக்கையில் கிடந்த செய்தி, பெண் பிள்ளைகளைப் பெற்ற மும்பைத் தகப்பன்மார் அனைவரையும் உலுக்கியிருந்தது. பெரியம்மா எப்படித் தாத்தாவைச் சம்மதிக்க வைத்தார் என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு கதை உண்டு. வேலையில் சேர்ந்த முதல் வருடம் முழுவதும் இரவுப் பணி முடிந்து அவர் வெளியே வரும் நேரத்தில் தாத்தா மருத்துவமனை வாசலில் நின்றிருந்தார் என்பதில் மட்டும் எல்லாக் கதைகளும் ஒத்துப்போகின்றன.

எங்களுக்குத் தெரிந்த பெரியம்மா, விசேஷ வீடுகளில் ஒரு மூலையில் பாய் விரித்துத் தூங்குகிறவர். விழித்திருக்கும் நேரத்தில் யாரையாவது கை கழுவச் சொல்லித் திட்டுகிறவர். பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த எல்லோரும் முகத்தைப் பார்த்து யார் சாடை என்று பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் துணியை விலக்கி, புறங்கையை முதலில் வயிற்றிலும் பிறகு உள்ளங்காலிலும் வைத்துப் பார்ப்பார். "கால் சில்லுன்னு இருக்கு, இன்னொரு துணி சுத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். என் மகள் பிறந்தபோதும் அப்படித்தான். எனக்கு அப்போது அது கொஞ்சம் மனத்தாங்கலாகக்கூட இருந்தது.

அதன் பொருளை அவருடன் பணியாற்றி ஓய்வு பெற்ற மலையாளி சிஸ்டர் ஒருவர்தான் விளக்கினார். குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இருக்காது. குளிர்ந்தால் தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே உடம்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச சத்தையும் செலவழித்துவிடும், சர்க்கரை இறங்கிவிடும். வயிறு சூடாக இருந்து கால் மட்டும் குளிர்ந்திருந்தால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது என்று பொருள். வயிறும் குளிர்ந்திருந்தால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சிறிது நேரத்தில் பிடித்துவிட வேண்டும். பெரியம்மா இருந்த பணிநேரத்தில் எந்தச் செவிலியரும் மேசையில் உட்கார்ந்தபடி பதிவேட்டைப் பார்த்துப் பொறுப்பை ஒப்படைக்க முடியாதாம். வருகிறவரும் போகிறவரும் ஒவ்வொரு தொட்டிலாக நடக்க வேண்டும், ஒவ்வொரு காலையும் தொட வேண்டும். போக வேண்டிய ரயில் போய்விடுமே என்று புலம்பினால், அடுத்த ரயில் வரும், இது வராது என்பாராம். இன்று மூத்த மருத்துவராக இருக்கும் ஒருவர் கைப்பேசியில் பேசி, விளக்கை அணைத்துவிட்டு குழந்தையின் உள்ளங்கைக்கு அடியில் சிறு டார்ச்சைப் பிடித்து, நூலிழை போன்ற இரத்தக் குழாயைக் கண்டுபிடிக்கத் தனக்குக் கற்றுத் தந்தது அக்காதான் என்றார். மராத்திக்காரர்களும் அவரை 'அக்கா' என்றே அழைத்திருக்கிறார்கள்.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சியில் சயான் மருத்துவமனையில்தான் தொடங்கியது. பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மாரிடம் பெற்று, அதை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கி, உறைகுளிரில் பாதுகாத்து, தாய்ப்பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். இயந்திரம் எளிது, மாமியார்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம் என்றார் அந்தப் பிரிவில் துப்புரவுப் பணி செய்த, எல்லோரும் 'மாவ்ஷி' (மராத்தியில் சித்தி) என்று அழைக்கும் பெண். 'மத்தவ பாலைக் குடிச்சா மத்தவ குணம் வந்துடும்' என்று தாராவித் தமிழ்ப் பாட்டி ஒருவர் மறித்து நின்றபோது, பெரியம்மா, "நீங்களும் நானும் மாட்டுப் பால் குடிச்சு வளந்தவங்கதானே, யாருக்காவது கொம்பு முளைச்சிருக்கா?" என்று கேட்டாராம். அதை மராத்தியில் மனப்பாடம் செய்துகொண்டு மாவ்ஷியே பிறகு பல குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறார்.

2005 ஜூலை 26 வெள்ளத்தைப் பற்றி இரு தரப்பிலும் பேச்சு வந்தது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை, ரயில்கள் நின்றுவிட்டன, அடுத்த பணிநேரத்துக்கு வர வேண்டியவர்கள் வழியில் மாட்டிக்கொண்டார்கள். காலையில் வந்தவர்களே இரவும் பார்க்க வேண்டிய நிலையில், தூக்கக் கலக்கத்தோடு மருந்து அளக்கும் நர்ஸ் வெள்ளத்தைவிட ஆபத்து என்று சொல்லி, யார் எப்போது தூங்குவது என்று பெரியம்மா ஒரு தாளில் எழுதி ஒட்டினாராம். தூங்க மறுத்தவர்களை அதட்டித் தூங்க வைத்திருக்கிறார். தன் பெயரை அந்தத் தாளில் எழுதினாரா என்று யாருக்கும் நினைவில்லை. எங்கள் பக்கத்து நினைவோ, முழங்கால் தண்ணீரில் பெரியப்பா அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றியதும், தொலைபேசி செத்துக் கிடந்ததும், மறுநாள் மாலை நனைந்த சேலையோடு வந்து நின்ற பெரியம்மா முதல் வார்த்தையாக "அரிசி தப்பிச்சுதா?" என்று கேட்டதும்தான்.

செவிலியரைத் தேவதை என்றும் தியாகச் சுடர் என்றும் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு அவரே காரணம். 2015 மே மாதம் அருணா ஷான்பாக் இறந்தபோது தொலைக்காட்சியில் எல்லோரும் கண்கலங்க அன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா தட்டில் சோற்றைப் பிசைந்தபடி, "இத்தனை வருஷத்துல ஒரு படுக்கைப் புண் வரலையே, அதைச் சொல்ல மாட்டேங்குறானே" என்றார். கே.இ.எம். செவிலியர்கள் 42 ஆண்டுகள், தலைமுறை மாறி மாறி, அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டியிருக்கிறார்கள்; படுக்கைப் புண் வராமல் காத்தது உச்ச நீதிமன்றத்தின் 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் பாராட்டப்பட்டது. அசையாத உடம்பில் அது வராமல் காப்பது எத்தனை பெரிய வேலை என்று, பெரியப்பாவின் கடைசி மாதங்களில் அவரைப் புரட்டிப் பார்த்த எங்களுக்குப் பின்னர் தெரிந்தது. பெரியம்மா அன்பு என்ற சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. புண் இல்லை, கால் சூடாக இருக்கிறது, எடை இருபது கிராம் ஏறியிருக்கிறது என்றே பேசினார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா, வெகுநேரம் கழித்து, "எல்லாம் சரிதான். ஆனா என் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிச்ச பெறகுதான் வந்தா" என்றார். நாற்பது வருடக் கோபம் அது. மலையாளி சிஸ்டர் நிமிர்ந்து பார்த்து, அன்று காய்ச்சலில் வராமல் போனது தான்தான் என்றும், அக்கா தனக்காகவும் சேர்த்துப் பணி பார்த்ததாகவும், அதைச் சொல்லக் கூடாது என்று தடுத்திருந்ததாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா அவரைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். "அப்ப நான் உங்கமேலதான் கோவப்பட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இன்னொரு காப்பி கொண்டுவரச் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார்.