நெட்டு ஸ்பீடா தான் இருக்கு, போற வழி தான் கோணலு

கேம்ல லாக் அடிக்குதுன்னு கஸ்டமர் கேருக்கு போன் போட்டா மொத கேள்வி என்ன வரும்னு மதுரைல நெட் வச்சிருக்க எல்லாருக்கும் தெரியும். "சார் ஒரு ஸ்பீடு டெஸ்ட் எடுத்து அனுப்புங்க." எடுத்தா 150க்கு 150 முழுசா வரும், வராம என்ன, அந்த டெஸ்ட் பக்கத்துல இருக்க சர்வர் கூட தான பேசுது, பாதி நேரம் அந்த கம்பெனி நெட்வொர்க்குக்குள்ளயே இருக்க சர்வர். உடனே "எங்க சைடு எல்லாம் கிளியர் சார்"னு டிக்கெட்ட மூடிருவாங்க. எனக்கு இதுல தான் கோவமே வருது. வேலோரன்ட் மாதிரி ஆன்லைன் துப்பாக்கி கேமுக்கு ஒரு எம்பிபிஎஸ் கூட முழுசா வேணாம், எனக்கு 150 இருந்தாலும் 300 இருந்தாலும் ஒன்னு தான், கேம் அனுப்புற குட்டி டேட்டா துண்டு, அதான் பாக்கெட், கேம் சர்வர் இருக்க மும்பைக்கு போய்ட்டு எவ்ளோ நேரத்துல திரும்புது (இந்த நேரத்துக்கு தான் பிங்னு பேரு), போற வழில எத்தன தொலையுது, அவ்ளோ தான் மேட்டரு.

கணக்கு போட்டு பாப்போம். மதுரைல இருந்து மும்பை நேர்கோட்டுல 1,150 கிலோமீட்டர் கிட்ட வரும். ஃபைபருக்குள்ள லைட்டு செகண்டுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் போகும், அப்ப போய்ட்டு வர 12 மில்லிசெகண்ட் போதும். கேபிள் நேர்கோட்டுல போகாது, மெட்ராஸ் போய் அங்கிட்டு இருந்து மும்பை போகுதுன்னு வச்சா 1,800 கிலோமீட்டர், அதுக்கு 18. நடுவுல இருக்க ரவுட்டர், சுத்து, எல்லாத்தையும் சேத்து 35, 40 பிங் வந்தா நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். எனக்கு வர்றது 105.

பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியா போகுது, ஒவ்வொன்னுக்கும் போய் வர எவ்ளோ நேரம்னு வரி வரியா காட்டுற ட்ரேஸ்ரூட் போட்டு பாத்தா விஷயம் பச்சையா தெரியுது. வீட்டு ரவுட்டர், கேபிள்காரர் பாக்ஸ், கம்பெனி ரவுட்டர், மெட்ராஸ் வரைக்கும் 12 மில்லிசெகண்ட், அருமையா போகுது. அடுத்த வரில பொசுக்குன்னு 48. அந்த ரவுட்டர் பேர பாத்தா சிங்கப்பூர் கோடு இருக்கு! பேர நம்ப வேணாம், பழைய பேர மாத்தாம விட்ருப்பாங்க, ஆனா நேரம் பொய் சொல்லாது. மெட்ராஸ்ல இருந்து சிங்கப்பூர் கடலடி கேபிள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல, போக வர முப்பத்தி சொச்சம் மில்லிசெகண்ட் ஆகும், 12ம் அதும் சேந்தா சரியா அந்த 48 வருது. அங்க போய்ட்டு மறுபடி கடல் தாண்டி மும்பை வந்து இறங்குது. ஆரப்பாளையத்துல ஏறி மாட்டுத்தாவணி போறதுக்கு நத்தம் சுத்தி போற பஸ்ஸு மாதிரி இருக்கு இது.

இது ஏன் நடக்குதுன்னா, நெட்வொர்க்குகளுக்கு நடுவுல வழி சொல்ற பிஜிபி இருக்குல்ல, அதுக்கு மில்லிசெகண்ட்னா என்னன்னே தெரியாது. மொதல்ல கம்பெனிக்காரன் எந்த லிங்க்குக்கு முன்னுரிமை போட்டு வச்சிருக்கானோ அத பாக்கும், அப்புறம் எத்தன நெட்வொர்க் தாண்டணும்னு எண்ணும், தூரத்த எங்கயும் கேக்காது. சிங்கப்பூர்ல விலை கம்மியா ஒரு லிங்க் வாங்கி அதுக்கு முன்னுரிமை போட்டா ட்ராஃபிக் எல்லாம் அங்க தான் ஓடும். இல்லன்னா ரெண்டு கம்பெனி இந்தியாவுக்குள்ள கை கோத்துக்காம வெளிநாட்டுல தான் சந்திக்கும். இந்தியாவுக்குள்ள போற ட்ராஃபிக் வெளிநாடு சுத்தக் கூடாதுன்னே 2003ல நிக்ஸின்னு நெட் கம்பெனிங்க ஒன்னோட ஒன்னு ட்ராஃபிக் மாத்திக்கிற எக்ஸ்சேஞ்ச் ஆரம்பிச்சாங்க, மும்பைலயும் இருக்கு மெட்ராஸ்லயும் இருக்கு. வழி இருக்கு, அதுல போட மனசு தான் இல்ல.

"உங்க வொய்ஃபை பிரச்சன சார்"னு அடுத்து ஒன்னு சொல்லுவாங்க. சரி, அது பல வீட்டுல உண்மையும் கூட, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாம் சேந்து கத்தும், யாராச்சும் போன்ல போட்டோ பேக்கப் போட்டா அப்லோடு நெறஞ்சு பிங் எகிறும். அதுனால மொதல்ல லேன் கேபிள் சொருகி வீட்டு ரவுட்டருக்கே பிங் போட்டு பாருங்க, ஒன்னு ரெண்டுக்குள்ள இருக்கணும். நான் அதெல்லாம் பாத்தாச்சு. அதவிட பெரிய ஆதாரம் ஒன்னு இருக்கு, கவுன்டர் ஸ்ட்ரைக்னு இன்னொரு துப்பாக்கி கேமுக்கு மெட்ராஸ்லயும் சர்வர் இருக்கு மும்பைலயும் இருக்கு, அதே வீடு அதே கேபிள் அதே ராத்திரி ஒம்போது மணி, மெட்ராஸ் சர்வர்ல எனக்கு 14 பிங், ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். வொய்ஃபை கெட்டு போயிருந்தா அதும் சேந்து தான கெட்டுருக்கணும்?

இன்னொன்னு, விபிஎன் போட்டா பிங் கொறையுது. விபிஎன்னுங்கறது நம்ம ட்ராஃபிக்க வேற ஒருத்தர் சர்வர் வழியா அனுப்புற சேவை, வழில கூடுதலா ஒரு ஸ்டாப்பு, நியாயமா பிங் ஏறணும். எறங்குதுன்னா நேர் வழி இருந்தும் என் கம்பெனி அதுல அனுப்பலன்னு தான அர்த்தம், மாசம் நெட்டுக்கு ஒரு காசு, அந்த நெட்டு போற வழிய திருத்த இன்னொரு காசு.

ராத்திரி எட்டுல இருந்து பதினொன்னு வரைக்கும் வர்ற நோவு வேற, அத இதோட போட்டு கொழப்பிக்காதீங்க. எந்நேரமும் ஒரே மாதிரி 105 நின்னா ரூட் தப்பு. விடிகால 38 இருந்து ராத்திரி 60, 140, 75ன்னு ஆடுனா லிங்க் நெறஞ்சு போச்சு, எல்லாரும் மேட்ச் பாத்துட்டு சீரியல் பாத்துட்டு இருக்க நேரத்துக்கு ஏத்த அளவு அவங்க வாங்கி வைக்கல. ஆடுற பிங் தான் ரொம்ப கொடும, நெலையா 100 இருந்தாலாச்சும் கை பழகிக்கும். அப்புறம் ட்ரேஸ்ல நடுவுல ஒரு ரவுட்டர்ல மட்டும் 60 சதவீதம் பாக்கெட் தொலையுதுன்னு லாஸ் காட்டுனா பயந்துறாதீங்க, பிங்குக்கு பதில் சொல்றத அது கடைசி வேலையா வச்சிருக்கும், அங்க ஆரம்பிச்ச லாஸ் கடைசி வரி வரைக்கும் தொடர்ந்தா தான் உண்மையான லாஸ்.

வேலோரன்ட் சர்வர் செகண்டுக்கு 128 தடவ நெலவரத்த புதுப்பிக்குது, ஒவ்வொன்னும் ஒரு டிக், அதுக்கு 7.8 மில்லிசெகண்ட். எனக்கு வர வேண்டியது 38னு வச்சா, வர்ற 105க்கும் அதுக்கும் வித்தியாசம் 67, எட்டு டிக்குக்கு மேல. மூலைல இருந்து எட்டி பாக்குறவன் என்னய பாத்து சுட்டு முடிச்ச பெறகு தான் அவன் என் ஸ்க்ரீன்லயே வர்றான், செவுத்துக்கு பின்னாடி ஒளிஞ்ச பெறகும் சாகுறேன். டிஸ்கனெக்ட் ஆனா அதுக்கும் எனக்கு தான் பெனால்டி, டீம்ல இருக்க மத்த நாலு பேருக்கும் என் மேல தான் கோவம், அவங்கள தப்பு சொல்ல முடியாது.

அண்ணா நகர் பக்கம் கேமிங் கஃபே வச்சிருக்க ஒரு அண்ணன் ரெண்டு கம்பெனி லைன் எடுத்து வச்சிருக்காரு, எது அன்னைக்கு நேரா போகுதோ அதுல பசங்கள உக்கார வைக்கிறாரு. அங்க வெளையாடுற காலேஜ் பசங்க ஆட்டத்த பாக்கணும், குறி அவ்ளோ சுத்தமா இருக்கும். டோர்னமென்ட் குவாலிஃபையர் எல்லாம் ஆன்லைன்ல தான் நடக்குது, எதுத்தாப்ல மும்பைல உக்காந்து அஞ்சு பிங்ல ஆடுறவன். இந்த பயலுக தோத்தா "தெறம பத்தல"ன்னு எழுதிட்டு போயிருவாங்க. எனக்கு என் ரேங்க் போனத விட இது தான் மனசு ஆறல.

எங்க ஏரியா லைன் பாக்குற அண்ணன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ட்ரேஸ காட்டுனேன், உக்காந்து பொறுமையா பாத்தாரு. "தம்பி, ஒயரு வெட்டு பட்டா இந்நேரம் போஸ்ட்ல ஏறி ஒட்டி விட்ருவேன், நீ சொல்றது மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கவன் கைல இருக்கு, எனக்கு அவன் நம்பரே தெரியாது"ன்னாரு. அந்த ஆள எட்டுறதுக்கு கஸ்டமர் கேர்ல வழி வைக்கணும்ங்கறது தான் என் ஒரே கோரிக்க, ட்ரேஸ வாங்கி நெட்வொர்க் டீமுக்கு அனுப்ப ஒரு கட்டம் போதும். டெலிகாம் கம்பெனிங்கள கண்காணிக்கிற ட்ராய் 2006ல போட்ட விதில லேட்டன்சி, அதான் போய் வர்ற நேரம், 120 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு இருந்துச்சு, ஆனா அளந்தது கம்பெனி கேட்வேல இருந்து எக்ஸ்சேஞ்ச், இன்டர்நேஷனல் கேட்வே வரைக்கும் தான். என் வீட்டுல இருந்து மும்பை கேம் சர்வர் வரைக்கும்ங்கற கணக்கே அதுல இல்ல.

என் வருஷ பிளான் முடிய போகுது, அதே கம்பெனிக்கு மறுபடி கட்ட மாட்டேன். அதே தெருவுல வேற லைன் வச்சிருக்க ஒருத்தர் வீட்டுல ராத்திரி ஒம்போது மணிக்கு லேப்டாப்ப சொருகி மும்பைக்கு ட்ரேஸ் போட்டு பாத்துட்டு தான் அடுத்த லைனுக்கு காசு குடுப்பேன். நீங்களும் புது லைன் எடுக்குறதுக்கு முன்னாடி "எத்தன எம்பிபிஎஸ்"னு கேக்குறதோட நிறுத்தாம, "மும்பைக்கு எந்த வழியா போகுது"ன்னு கேளுங்க.