நகத்தில் ஒரு பள்ளக்கோடு

டிசம்பர் 21, 2024
நகம் வெட்ட உட்கார்ந்தபோது, வலது கட்டைவிரல் நகத்தின் அடியில், தோல் விளிம்பை ஒட்டிக் குறுக்காக ஒரு பள்ளம் தெரிந்தது. பார்வைக்கு மங்கல்தான், ஆனால் விரல் நுனியால் தடவினால் தெளிவாகத் தட்டுப்படுகிறது. எங்கோ கதவிடுக்கில் நசுங்கியிருக்கும் என்று நினைத்தேன். மற்ற விரல்களையும் விளக்கடியில் நீட்டிப் பார்த்தபோது, இரண்டு கைகளிலும் ஏறக்குறைய அதே இடத்தில் அதே பள்ளம் இருந்தது. நவம்பர் முதல் வாரம் டெங்குக் காய்ச்சலில் ஐந்து நாள் கிடந்தது நினைவுக்கு வந்தது.

டிசம்பர் 23
பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் போ 1846இல் விவரித்ததால் இவற்றுக்குப் போ கோடுகள் என்று பெயர். கடுங்காய்ச்சல் போன்ற பெரிய தாக்குதலின்போது நகத்தின் வேர் தன் வேலையைச் சில நாட்களுக்குக் குறைத்துக்கொள்கிறது. அப்போது உருவான நகம் மெலிந்து பள்ளமாகி, வளர்ச்சியோடு மெல்ல முன்னே நகர்கிறது. ஒரே விரலில் இருந்தால் பெரும்பாலும் அடிபட்ட தடமாக இருக்கும். எல்லா விரல்களிலும் ஒன்றுபோல் இருந்தால் உடல் முழுவதையும் ஆட்டிய ஒன்றின் தடம். கீமோதெரபி பெறுவோருக்குச் சுற்றுக்கு ஒன்றாக வரிசையாக விழுவதும் உண்டு.

ஜனவரி 18, 2025
மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து அளவுகோலை எடுத்து அளந்தேன்: தோல் விளிம்பிலிருந்து பள்ளம் வரை ஏறக்குறைய 3 மி.மீ. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும் என்பதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் டிசம்பர் 19 வருகிறது. அன்று நான் காய்ச்சலில் இல்லை, கல்யாணப் பந்தியில் இருந்தேன். வேர் தோலுக்கு அடியில் இருப்பதால், அங்கே விழுந்த பள்ளம் வெளியே தலைகாட்டவே சில வாரங்கள் ஆகும் என்பதை விட்டுவிட்டேன். அதையும் சேர்த்தால் கணக்கு நவம்பரில் போய் நிற்கிறது.

இந்த விஷயத்தில் எனக்கு முன்னோடி அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன். தன் கட்டைவிரல் நகத்தில் மாதந்தோறும் கீறல் போட்டு, அது நுனியை எட்டும் நாட்களை 35 ஆண்டுகள் எண்ணியவர். 32 வயதில் நாளுக்கு 0.123 மி.மீ. வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மி.மீ. ஆகக் குறைந்திருந்தது.

பிப்ரவரி 9
அத்தை ஊரிலிருந்து வந்திருக்கிறார். காபித் தம்ளரை வாங்கும்போது அவர் விரல்களைப் பார்த்துத் திடுக்கிட்டேன்: நகங்கள் நடுவில் குழிந்து, ஓரங்கள் மேலெழும்பி, சின்னக் கரண்டிபோல் இருந்தன. ஒரு சொட்டு நீர் விட்டேன். வழியாமல் அப்படியே தங்கியது. “முப்பது வருஷமா பாத்திரம் விளக்குற கை, வேற எப்படிடா இருக்கும்?” என்றார். அதுவும் முற்றிலும் தவறல்ல. ஓயாமல் நீரிலும் சோப்பிலும் ஊறும் கைகளிலும் நகம் இப்படிக் குழியலாம். ஆனால் மாடிப்படி ஏறியதும் அவருக்கு மூச்சு வாங்கியதைக் கவனித்திருந்தேன்.

பிப்ரவரி 12
அத்தையின் ஹீமோகுளோபின் 7.9. இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தசோகை என்றார் மருத்துவர். சத்து எங்கே கசிகிறது என்று கண்டறிய மேலும் சில சோதனைகள் எழுதிக்கொடுத்தார். மாத்திரையோடு காபியோ டீயோ குடிக்கக் கூடாது என்றதுதான் அத்தைக்குப் பெரிய இடி.

மார்ச் 2
மகள் தன் நகத்தின் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டிக் கால்சியம் குறைவா என்று கேட்டாள். பெரும்பாலும் நக வேரில் பட்ட சிறு இடிதான் காரணம் என்றேன். நாங்கள் சிறுவயதில் பறக்கும் கொக்குகளிடம் நகத்தில் பூப் போடச் சொல்லிக் கேட்ட கதையை அவள் நம்பவில்லை.

அவள் தூங்கிய பின், இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பார்த்தேன். நகங்களின் அடிப்பகுதியில் வைர வடிவச் சிறு இடைவெளி தெரிந்தது. அது மறைந்துபோனால் விரல் நுனி தடித்துவிட்டது என்று பொருள். நுரையீரலையும் இதயத்தையும் சோதிக்க வேண்டும். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ராத், தமக்கே இதய உள்ளுறை அழற்சி வந்தபோது தம் விரல்களிலேயே கண்டது இது.

மே 18
கட்டைவிரலில் பள்ளம் நுனிக்கு வந்துவிட்டது. மற்ற விரல்களில் முன்பே வெட்டுப்பட்டுப் போயிற்று. நகவெட்டியை வைத்ததும், அந்த இடத்தில் நகம் மெலிந்திருந்ததால் சத்தமில்லாமல் பிளந்தது.

மாலையில் அத்தை தொலைபேசியில் பேசினார். ஹீமோகுளோபின் 11.2. நகத்தின் அடிப்பாதி சமமாக வளர்ந்திருக்கிறதாம். நுனிப்பாதியில் மட்டும் இன்னும் நீர் நிற்கிறதாம்.