இடத்தைப் பிடித்துவிட்டு ஆளுக்காகக் காத்திருந்தவர்

தெருவில் படம் எடுக்கிற எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் ஆட்களைத் துரத்திக்கொண்டு ஓடுவோம். நல்ல முகம் தென்பட்டால் போதும், பின்னால் என்ன சுவர், எந்தப் பக்கம் வெயில் என்று பார்க்க மாட்டோம். ஹாங்காங்கின் ஃபான் ஹோ இதைத் தலைகீழாகச் செய்தார். முதலில் இடம், அப்புறம் வெளிச்சம், கடைசியில்தான் ஆள். ஒரு படிக்கட்டையோ டிராம் தண்டவாளத்தையோ பார்த்து வைத்துக்கொண்டு, சரியான மனிதர் அந்த வெயிலுக்குள் நடந்து வரும்வரை நிற்பார். வரவில்லையென்றால் இன்னொரு நாள்.

ஷாங்காயில் பிறந்து 1949-இல் ஹாங்காங் வந்தவர். இலக்கியம் படிக்கிற காலத்தில் ஓயாத தலைவலி. வெளியே நடந்துவிட்டு வா என்று சொல்லப்பட்டதால் நடக்கத் தொடங்கினார். கையில் அப்பா வாங்கித் தந்த ரோலைஃபிளெக்ஸ். அந்தக் கேமராவை மார்புக்குக் கீழே பிடித்து, குனிந்து பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். எதிரில் இருப்பவரை நேருக்கு நேர் குறிவைக்க வேண்டியதில்லை. இருந்தும், சந்தையில் பன்றிக்கறி வெட்டுபவர் ஒருவர் தன் ஆவியைப் பிடித்துவிட்டதாகக் கத்தியோடு மிரட்டியதை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

1950-களிலும் 60-களிலும் சீனாவிலிருந்து வந்த மக்களால் நிரம்பி வழிந்த நகரம் அது. சந்தை, சந்து, படகுத்துறை எல்லாமே நெரிசல். அவர் படங்களில் மட்டும் பெரிய சுவருக்கும் நிழலுக்கும் நடுவே சின்னதாக ஓர் ஆள் போவார். ஃபிலிமில் விழுவது சதுரப் படம். பிரிண்ட் போடும்போது அதை ஒல்லியான நெடும்பட்டையாகவும் அகலப் பட்டையாகவும் கூசாமல் வெட்டுவார். அந்த வெட்டில்தான் பாதிக் கலை இருக்கிறது என்பேன்.

எல்லோரும் கொண்டாடும் 1954-ஆம் ஆண்டுப் படம் 'அப்ரோச்சிங் ஷேடோ'. வெள்ளைச் சுவரோரம் ஓர் இளம்பெண், அவளை நோக்கிச் சரிந்து வரும் முக்கோண நிழல். நின்றவர் ஃபான் ஹோவின் உறவுக்காரப் பெண். அந்த நிழல், பிரிண்ட் போடுகிற இருட்டறையில் சேர்க்கப்பட்டது. இது ஏமாற்று வேலை என்று நண்பர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. அவருக்கு அந்த நகரம் ஒரு மேடை. பின்னாளில் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் என்ற சினிமா நிறுவனத்தின் படங்களில் நடித்து, சினிமா இயக்குநராகவும் ஆனவர். காட்சியை அமைத்ததை அவர் மறைக்கவும் இல்லை.

ஆனாலும் என் மனசுக்குப் பிடித்தது அது இல்லை. 1959-இல் எடுத்த 'சன் ரேஸ்' படம்தான். சந்தைக்குள் கற்றை கற்றையாக வெயில் இறங்குகிறது. கீழே ஜனங்கள் தங்கள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். சேர்த்த நிழலை விட, காத்திருந்து பிடித்த அந்த வெயில்தான் என்னை இழுக்கிறது.

2016-இல் அமெரிக்காவின் சான் ஹோசேயில் இறந்தார். கடைசிக் காலத்தில் பழைய நெகட்டிவ்களைத் திரும்பப் புரட்டி ஒரு புத்தகத்துக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். குடும்பத்தார் அதை முடித்து 2017-இல் 'போர்ட்ரெய்ட் ஆஃப் ஹாங்காங்' என்று கொண்டுவந்தார்கள். தெருவில் கேமராவோடு நிற்கிறவர்களே, அந்தப் புத்தகம் கையில் கிடைத்தால் விடாதீர்கள்.